மொட்டைமாடியில் சோலார்: 3 கிலோவாட் எல்லாருக்கும் தேவையா? முதல்ல உங்க ஈ.பி. கார்டை எடுங்க



போன வாரம் பருத்திப்பட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆவடியில் மத்திய அரசு தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஏரிப் பூங்காவில் இருந்து நடக்கிற தூரத்தில் சொந்த வீடு. காபி வருவதற்கு முன்னாலேயே ஒரு கொட்டேஷனை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

3 கிலோவாட் சோலார். விலை 2,00,000 ரூபாய். மத்திய அரசு மானியம் 78,000. கையில் இருந்து போடவேண்டியது 1,22,000. மேலே பெரிய எழுத்தில் "இனி கரண்ட் பில் ஜீரோ" என்று போட்டிருந்தது.

"தம்பி, பேங்க்ல ஒரு எஃப்.டி. முடியுது. அதை எடுத்து இதுல போட்டுடலாமா? பக்கத்துத் தெருவுல நாலு வீட்டுல போட்டுட்டாங்க."

நான் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, கடைசி ஆறு பில் எடுங்க."

நம்ம சேனலில் சோலார் பற்றிப் பேசும்போதெல்லாம் "எத்தனை வருஷத்துல போட்ட காசு வரும்?" என்று கேட்கிறீர்கள். அதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. தமிழ்நாட்டில் அந்தப் பதில் உங்கள் ஈ.பி. பில்லுக்குள்ளேதான் இருக்கிறது. அண்ணன் வீட்டுக் கணக்கை வைத்தே பார்க்கலாம். பேப்பர், பேனா எடுத்துக்குங்க.

முதல்ல பில் எப்படி ஏறுதுன்னு புரியணும்

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், 2016 மே மாதத்தில் இருந்து. அதற்கு மேல் இப்போது நாம் கட்டுகிற ரேட், அரசு மானியம் கழித்தது போக, இப்படி இருக்கிறது. (2025 ஜூலையில் ஆணையம் கட்டணத்தை ஏற்றியது. வீடுகளுக்கான அந்த ஏற்றத்தை மாநில அரசே ஏற்றுக்கொண்டதால் நம் பில்லில் அது தெரியவில்லை.)

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30.

500-ஐத் தாண்டினால்: 101 முதல் 400 வரை முழுக்க 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

கவனிச்சீங்களா? 500-ஐத் தாண்டிய அடுத்த நிமிஷம் அந்த 2.35 ரூபாய் ரேட் காணாமல் போய்விடுகிறது. 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 பைசா. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் சொச்சம்! சில வீட்டில் மீட்டர் ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கினால் ஏசியைப் போடவே விடமாட்டார்கள். சும்மா ஒன்றும் இல்லை, அதில் காசு இருக்கிறது.

இதில் இருந்து நாம் எடுத்துக்கவேண்டிய விஷயம்: நீங்கள் மிச்சம் பிடிக்கிற யூனிட்டின் மதிப்பு எல்லாருக்கும் ஒன்று அல்ல. 900 யூனிட் ஓடுகிற வீட்டில் மிச்சமாகிற முதல் யூனிட் 10 ரூபாய் 50 காசு. 180 யூனிட் ஓடுகிற வீட்டில் அதே யூனிட் 2 ரூபாய் 35 காசு. 90 யூனிட் ஓடுகிற வீட்டில் அது வெறும் பூஜ்யம். சோலார் பேனல் உங்கள் பில்லை மேலே இருந்து கீழே அரித்துக்கொண்டு வரும். முதலில் விலை உயர்ந்த யூனிட்டைத் தின்னும், அப்புறம் நடுத்தரம், கடைசியில் இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டையும் தின்ன ஆரம்பித்துவிடும். அந்தக் கடைசி வேலைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

அண்ணன் வீட்டுக் கணக்கு

ஆறு பில்லையும் வரிசையாக வைத்தோம். கணக்கு சுலபமாக இருக்க கொஞ்சம் முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். வெயில் காலத்தை ஒட்டிய மூன்று பில்லில் 800 யூனிட், மற்ற மூன்று பில்லில் 500 யூனிட். 800 யூனிட்டுக்கு 4,770 ரூபாய், 500-க்கு 1,805. வருஷத்துக்கு 19,725 ரூபாய்.

நம்ம ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும். வீடுகளுக்கு நெட் மீட்டர் முறை இருப்பதால், பகலில் நாம் பயன்படுத்தியது போக லைனுக்குள் அனுப்பிய யூனிட்டை, நாம் லைனில் இருந்து எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்வார்கள். மீதி நிற்கிற நிகர யூனிட்டுக்குத்தான் மேலே சொன்ன ரேட்.

அந்தக் கம்பெனிக்காரரையே போனில் பிடித்து, 1 கிலோவாட்டுக்கும் 2 கிலோவாட்டுக்கும் தனித்தனியாக விலை கேட்டோம். கொஞ்சம் இழுத்தார், அப்புறம் சொன்னார். 1 கிலோவாட் 75,000. 2 கிலோவாட் 1,40,000. மானியம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்தது: 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000-தான் உச்சம்.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1 கிலோவாட் போட்டால், மானியம் போக கைக்காசு 45,000. 800 யூனிட் பில் நிகரமாக 560 ஆகிறது, 2,544 ரூபாய். 500 யூனிட் பில் 260 ஆகிறது, 517 ரூபாய். வருஷத்துக்கு மிச்சம் 10,542. போட்ட காசுக்கு 23 சதவீதத்துக்கு மேல்!

2 கிலோவாட் போட்டால், கைக்காசு 80,000. 800 யூனிட் பில் 320 ஆகி 799 ரூபாய்க்கு இறங்கிவிடும். 500 யூனிட் பில் 20 யூனிட் ஆகி பூஜ்யம். வருஷத்துக்கு மிச்சம் 17,328. நாலரை வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

3 கிலோவாட் போட்டால், கைக்காசு 1,22,000. எல்லா பில்லும் பூஜ்யம். வருஷத்துக்கு மிச்சம் 19,725. ஆறு வருஷம் சொச்சம்.

"அப்போ மூணும் நல்லதுதானே? பேங்க் வட்டியைவிட எல்லாமே ஜாஸ்தி" என்றார் அண்ணன். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். 3 கிலோவாட்டை மொத்தமாகப் பார்த்தால் 16 சதவீதம் வருவது போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாம் முடிவெடுக்க வேண்டியது மூன்றாவது கிலோவாட்டைப் பற்றி. அதற்காகக் கூடுதலாகப் போடுகிற காசு 42,000. அதனால் கூடுதலாக மிச்சமாவது வருஷத்துக்கு 2,397 ரூபாய். 6 சதவீதம்கூட இல்லை. எஃப்.டி.யிலாவது கடைசியில் அசல் திரும்பி வரும். பேனல் அசலைத் திருப்பித் தராது. மூன்றாவது கிலோவாட்டுக்குப் போட்ட காசு திரும்ப 17 வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இன்வெர்ட்டர் ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும்.

முதல் கிலோவாட் 23 சதவீதம், இரண்டாவது 19 சதவீதம், மூன்றாவது 6-க்கும் கீழே. ஒரே வீடு, ஒரே வெயில். வித்தியாசம் முழுக்க ஸ்லாபில் இருக்கிறது. சராசரியைக் காட்டி விற்பது என்பது எல்லா வியாபாரத்திலும் நடக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் இதே கதைதான், அதைத் தனி வீடியோவில் பேசியிருக்கிறோம்.

கம்பெனிக்காரர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. பில் ஜீரோ ஆகும் என்பது உண்மைதான். மானியத்தின் உச்சம் 3 கிலோவாட்டில் இருப்பதால், கொட்டேஷனும் அங்கேயே நிற்கிறது. அரசு 78,000 தருகிறதே, அதை ஏன் விடவேண்டும் என்று நமக்கும் தோன்றும். 18,000 ரூபாய் மானியத்தைப் பிடிக்க 42,000 ரூபாய் கைக்காசை எடுத்துப் போடுகிறோம் என்பது அந்த நேரத்தில் கண்ணில் படாது.

அப்போ 3 கிலோவாட் யாருக்கு? இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டுக்கு மேல் ஓடுகிற வீட்டுக்கு யோசிக்காமல் போடலாம். அவர்களுக்கு மூன்றாவது கிலோவாட்டும் விலை உயர்ந்த யூனிட்டைத்தான் தின்னும். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் சரி. எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒரு தடவை முழு சார்ஜுக்கு மூன்று, நாலு யூனிட்தான் ஆகும்.

400 யூனிட் வீடு என்ன செய்வது?

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் பில் 1,175 ரூபாய், வருஷத்துக்கு 7,050. 1 கிலோவாட் போட்டால் நிகரம் 160 யூனிட், பில் 141 ரூபாய். வருஷத்துக்கு 6,204 மிச்சம், ஏழு வருஷம் சொச்சத்தில் காசு திரும்பும். பரவாயில்லை. ஆனால் அதே வீட்டில் 2 கிலோவாட் போட்டால்? இரண்டாவது கிலோவாட்டுக்கு 35,000 ரூபாய் கூடப் போட்டு வருஷத்துக்கு 846 ரூபாய் மிச்சம் பிடிப்பீர்கள். 41 வருஷம்! பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

200 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். உங்கள் மொத்த பில்லே வருஷத்துக்கு 1,410 ரூபாய்.

குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் வீட்டு மாடி சோலார் அவ்வளவு வேகமாகப் போகும்போது வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத தமிழ்நாடு பின்தங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் அரசு 2012-லேயே சோலார் கொள்கை கொண்டுவந்தது. மின்வெட்டில் மாநிலமே தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்து, மாடி சோலாருக்கு மத்திய மானியத்தோடு மாநில அரசும் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் கொடுத்தது. 2019-ல் இன்னொரு கொள்கை, 2023-க்குள் 9,000 மெகாவாட் இலக்கு, அதில் 40 சதவீதம் நம்மைப் போன்ற நுகர்வோர் பக்கம் இருந்து. ஆனால் ஒரு கையில் மானியம் கொடுத்து "பேனல் போடு" என்கிறோம், இன்னொரு கையில் கரண்ட்டையே மலிவாகவும் இலவசமாகவும் கொடுக்கிறோம். இலவச மின்சாரம் தப்பு என்று நான் சொல்லவில்லை, கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த 100 யூனிட் பெரிய உதவி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் என்பதை மட்டும் கணக்குப் போடும்போது மறக்கக் கூடாது.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பொது மீட்டரைப் பாருங்க

ஆவடி–பூந்தமல்லி ரோட்டில் இப்போது அபார்ட்மெண்டுகள் வரிசையாக எழும்பிவிட்டன. "எனக்கு மாடியே சொந்தம் இல்லையே சார்" என்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் ஃபிளாட் மீட்டரை விடுங்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஓடுகிற பொது மீட்டர் இருக்கிறதே, அதன் ரேட்டைப் பாருங்கள். அதில் இலவச 100 யூனிட் கிடையாது, முதல் யூனிட்டில் இருந்தே 8 ரூபாய்க்கு மேல். (10 வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்ன அபார்ட்மெண்டுகளுக்கு மட்டும் 2023 நவம்பரில் இருந்து அதை 5.50 ரூபாய் ஆக்கினார்கள்.) அதாவது அங்கே சோலார் தின்கிற ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்த யூனிட்தான். வீட்டு மீட்டரில் நாம் பார்த்த ஸ்லாப் சிக்கல் அங்கே இல்லை.

குடியிருப்போர் சங்கத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய மானியமும் உண்டு. தண்ணீர் மோட்டாரை விடியற்காலையில் போடாமல் காலை பத்து மணிக்கு மேல் போடும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டால், உற்பத்தியாகிற கரண்ட் பெரும்பாலும் அங்கேயே செலவாகிவிடும். கஷ்டம் என்னவென்றால், ஜெனரல் பாடி மீட்டிங்கில் இதை நிறைவேற்றுவது. வெயிலில் பேனலைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அதைவிட சுலபம்.

அரசு பக்கத்தில் இருந்தும் கொஞ்சம் பார்ப்போம்

பேனல் 25 வருஷம் உழைக்கும். ஆனால் கட்டண விதிகள் 25 வருஷம் இப்படியே இருக்குமா? இதுதான் நம் முதலீட்டில் உண்மையான ரிஸ்க். வாரண்ட்டி கார்டில் இது இருக்காது.

நெட் மீட்டர் என்பது நம் பார்வையில் இலவச பேட்டரி. மத்தியானம் 12 மணிக்கு ஒரு யூனிட்டை லைனுக்குள் போட்டுவிட்டு, ராத்திரி 10 மணிக்கு ஏசிக்கு அதே ஒரு யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். வாரியத்தின் பார்வையில் இரண்டும் ஒரே சரக்கு அல்ல. மத்தியானம் ராமநாதபுரம், கமுதி பக்கம் இருக்கிற பெரிய சோலார் பூங்காக்களில் இருந்தும் கரண்ட் வருகிறது, மலிவாகக் கிடைக்கிறது. சூரியன் இறங்கியதும் அது நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் ஊர் முழுக்க ஏசி போடுவார்கள். தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2-ம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ராத்திரி தேவைக்கு அனல் மின் நிலையத்தை ஓட்டவேண்டும், இல்லையென்றால் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கவேண்டும். பகல் கரண்ட்டைச் சேமித்து வைக்க காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் பல வருஷமாக இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. தேவைக்கு முன்னால் இதெல்லாம் கொஞ்சம்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 10, 11 ரூபாய் ரேட்டில் கரண்ட் வாங்குகிற வசதியான வீடுகள் கொடுக்கிற காசில்தான் இலவச யூனிட்டின் ஒரு பகுதி ஓடுகிறது. அந்த வீடுகள்தான் முதலில் சோலாருக்குப் போகும். ஏற்கெனவே லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடனில் இருக்கிற ஒரு நிறுவனம் தன் நல்ல வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? வீடு அல்லாத இணைப்புகளில் சோலார் போட்டவர்களுக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று வந்ததும் சிறுதொழில் செய்பவர்கள் போராடியதும் இந்த இழுபறியின் ஒரு முகம்தான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

அடுத்து ஸ்மார்ட் மீட்டர். மத்திய அரசு 2021-ல் தொடங்கிய திட்டத்தில் நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் என்பது இலக்கு. தமிழ்நாட்டில் சென்னையும் சில மாவட்டங்களும் சேர்ந்த 82 லட்சம் மீட்டர் டெண்டரை விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்தார்கள். தாமதம் ஆகலாம், ஆனால் ஒரு நாள் வரத்தான் போகிறது. வந்தால் மாதாமாதம் பில் போட முடியும், வீட்டுக்கு ஆள் வந்து ரீடிங் எடுக்க வேண்டாம். கூடவே நேரத்துக்கு ஒரு ரேட்டும் வைக்க முடியும். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிகளில் அது இருக்கிறது: வெயில் நேரத்தில் சாதாரண ரேட்டைவிட 20 சதவீதமாவது குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவீதமாவது கூடுதல். நம் வீட்டுக் கட்டணத்தில் இது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் நாம் மத்தியானம் கொடுக்கிற யூனிட்டும் ராத்திரி எடுக்கிற யூனிட்டும் சமம் என்ற கணக்கு ஆட்டம் காணும்.

கலிஃபோர்னியாவில் இது நடந்தே விட்டது. 2023 ஏப்ரல் 15-க்குப் பிறகு விண்ணப்பிக்கிறவர்களுக்கு, லைனுக்குள் அனுப்புகிற யூனிட்டின் மதிப்பை முக்கால்வாசி அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முன் போட்டவர்களுக்கு 20 வருஷம் வரை பழைய விதி தொடரும் என்று விட்டார்கள். அங்கே இப்போது பேனலோடு பேட்டரியும் வாங்குகிறார்கள். நம் ஊரிலும் அப்படியே நடக்கும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் நாலரை வருஷத்தில் காசு திரும்புகிற முதலீட்டுக்கு விதி மாறினாலும் பெரிய அடி இல்லை. 17 வருஷத்தில் திரும்புகிற மூன்றாவது கிலோவாட்டுக்கு அது மரண அடி.

பேனலுக்கு முன்னால் ஃபேன்

இதை அண்ணன் எதிர்பார்க்கவில்லை. அவர் வீட்டில் நாலு ஃபேன், எல்லாம் 75 வாட் பழைய ரகம். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். நாலு ஃபேனுக்கு 130 யூனிட் பக்கம். அதாவது அரை கிலோவாட் பேனலின் வேலையை மாடி ஏறாமலே, ஈ.பி. ஆபீஸ் போகாமலே முடித்துவிடலாம். ஃபேன் 3,000 ரூபாய் என்றால், 800 யூனிட் பில்லில் ஒரு ஃபேன் 300 ரூபாய் மிச்சம் பிடிக்கும்.

ஏசி வாங்கும்போது ஸ்டார் ஸ்டிக்கரில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். அது வருஷத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ராத்திரி எட்டு மணி நேரம் ஆறேழு மாதம் போடுகிற வீடு அந்தக் கணக்கை ஒட்டித்தான் இருக்கும். 2020 ஜனவரியில் இருந்து விற்கிற ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்கவேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். அதை 18-க்கு இறக்குவது நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான்.

அப்புறம் மொட்டைமாடி. பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் வெயிலைக் கொஞ்சம் தாங்கின. இப்போதைய வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி ரூமுக்குள் இறக்கும். வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்தாலோ வெள்ளை ஓடு பதித்தாலோ ஏசியின் வேலை குறையும். பேனல் போட்ட இடத்திலும் தளத்துக்கு நிழல் கிடைக்கும், அது போனஸ். புதிதாக வரும் பெரிய கட்டடங்களுக்கு இதையெல்லாம் சட்டத்திலேயே சேர்க்கப் பார்க்கிறார்கள். 2022-ல் திருத்திய எரிசக்தி சேமிப்புச் சட்டம் 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்பு உள்ள குடியிருப்புக் கட்டடங்களையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. நம்ம 1,200 சதுர அடி வீட்டுக்கு எந்தச் சட்டமும் வராது, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போடுவது என்று முடிவானால்

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். லைனில் வேலை பார்க்கிற ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக, லைனில் கரண்ட் இல்லையென்றால் இந்த இன்வெர்ட்டர் தானாக நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். மிக்ஜாம் புயல் மாதிரி நாள் கணக்கில் கரண்ட் இல்லாத நேரத்தில் இது உதவாது. அதற்குப் பேட்டரி வேண்டும், அது தனிச் செலவு. வர்தா புயலைப் பார்த்த ஊர் இது. பேனலைத் தாங்குகிற ஸ்டாண்டு எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது என்று எழுத்தில் வாங்குங்கள், விலை பேசுவதைவிட அது முக்கியம்.

தெற்குப் பக்கம் காலி மனை இருக்கிறதா? நாளைக்கு அவர் இரண்டு மாடி எழுப்பினால் உங்கள் பேனல் நிழலில் போய்விடும். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், தண்ணீர் தொட்டி நிழலும் விழாத இடமாக.

மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த செல், பேனலாக இருக்கவேண்டும், பதிவு பெற்ற நிறுவனமாக இருக்கவேண்டும். மானியம் அரசிடம் இருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "நாங்களே வாங்கிக் கழிச்சுக்கறோம்" என்று யாராவது சொன்னால் தள்ளி நில்லுங்கள். 3 கிலோவாட் வரைக்கும் பொதுத்துறை வங்கிகளில் 2 லட்சம் வரை அடமானம் இல்லாத கடன் கிடைக்கிறது. 10 கிலோவாட்டுக்குள் என்றால் தொழில்நுட்ப ஆய்வு என்று காக்க வைக்காமல் விண்ணப்பத்தை ஏற்கவேண்டும் என்பது 2024-ல் வந்த விதி. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கையில் பழைய கொட்டேஷன் இருந்தால் புதிதாகக் கேளுங்கள்.

ஈ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் பாருங்கள். அண்ணன் வீட்டில் நாங்கள் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது அங்கேதான். இணைப்பு அவருடைய அப்பா பெயரில். அப்பா காலமாகி ஒன்பது வருஷம். இத்தனை நாளும் பில் வந்தது, கட்டினார், பெயரை யாரும் கவனிக்கவில்லை. மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர் பெயரும் இணைப்பில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகவேண்டும். வாரிசு சான்றிதழ், தங்கையிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து, சொத்து வரி ரசீது என்று இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்.

எஃப்.டி. முடிந்த பணத்தில் நாலு ஃபேன் வாங்கியாகிவிட்டது. 80,000 ரூபாயை மூன்று மாத டெபாசிட்டில் போட்டிருக்கிறார், பெயர் மாற்றம் முடிந்ததும் 2 கிலோவாட். ஃபேன் மாற்றிய பிறகு வருகிற பில்லைப் பார்த்துவிட்டு, இரண்டும் வேண்டுமா, ஒன்றே போதுமா என்று இன்னொரு தடவை கணக்குப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த பில் வந்ததும் அதையும் வீடியோவில் காட்டுகிறேன்.